எண்ணெயில் கிடந்த ஆணி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: தொழில் அலுவலகத்து விசாரணை மிஸ், படகு யார்டின் முதலாளி, யார்டில் வேலைக்காரருக்கெல்லாம் தலைவரான பாஸ், ஊன்றுகோலோடு என் அத்தான், அவர் பக்கத்துக் கதிரையில் நான். வராதவர்கள்: அத்தானின் காலில் ஆணி ஏறியதைக் கண்ணால் கண்ட அத்தனை பேரும். அன்றைக்கென்று பார்த்து அவர்கள் எல்லோருக்கும் ஒரே லோஞ்சுப் படகில் அவசர வேலை வந்துவிட்டது. அவர் மனைவி, என் அக்காவும் வரவில்லை. வந்தால் வாயைக் கட்ட ஏலாது என்று அவளே சொல்லிவிட்டாள். அத்தானின் இடது காலின் இரண்டு விரல்களும் வரவில்லை. அவை பெரியாஸ்பத்திரியோடு நின்றுவிட்டன.

பாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கறுப்பு மையில் மினுக்கிய சப்பாத்தோடு வந்திருந்தார். அந்தச் சப்பாத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அறிய யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கைவேலையில் மூத்தவர் எவரும் பாஸ்தான். அவரும் அப்படியே பாஸ் ஆனார், அப்படியே நின்றுவிட்டார். இதில் அவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். பழகிப்போன வாய். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யார்ட் உவர்மலை இறக்கத்தில், உள்துறைமுகக் கரையில் இருந்தது. பழுதான மரப்படகுகளையும் பயணிகள் லோஞ்சுகளையும் கரையேற்றி, உக்கின பலகையைக் கழற்றிப் புதுப் பலகை அடிப்பது அங்கே தொழில். கழற்றின பலகை எங்கே கிடந்தாலும் ஆணி மேலே பார்த்துக்கொண்டிருக்கும். மணலுக்குள் பாதி புதைந்த பலகையில் ஆணி மட்டும் வெளியே நிற்கும். அதற்கு மேலே நடக்கிறவர்களின் காலில் ஒரு இறப்பர் செருப்பு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இடம் வரும்வரை நான் அங்கே சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். பலகை வேலை செய்துகொண்டிருந்த அத்தான் சொல்லி எடுத்துத் தந்த வேலை.

முதல் நாள் பாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"உது பள்ளிக்கூடத்துக் கால். வெள்ளைச் சப்பாத்துக்குள்ளை வளந்தது. மாஸ்டர், நீர் உள்ளுக்குள்ளையே இரும்."

அன்று முதல் யார்டில் எனக்கு மாஸ்டர் என்று பெயர். அத்தானும் அப்படித்தான் கூப்பிடத் தொடங்கினார், கொஞ்சம் பகிடியாக, கொஞ்சம் பெருமையாக.

மனிதரைக் காலால் அளப்பதுதான் பாஸின் வழக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கவிழ்த்த படகின் நிழலில் கால் நீட்டி இருக்கையில், அவர் தன் வலது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டு, உள்ளங்காலைச் சுத்தியல் பிடியால் தட்டிக் காட்டுவார். கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வரும்.

"கேக்குதோ? இது தோல் இல்லை, முதிரைப் பலகை. நான் மிதிச்சா ஆணிதான் வளையும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நாளைக்கு வேலைக்கு வா, வராதே என்று சொல்கிறவர் அவர். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"நான் மிதிக்காத ஆணியோ?" இதுதான் அவருடைய மந்திரம். யாராவது "அம்மா" என்று கத்திக் காலைத் தூக்கினால், பக்கத்தில் நிற்கிறவன் ஓடிவருவதற்கு முன்னமே இந்தக் கேள்வி வந்துவிடும். பின்னாலே பாஸ் வருவார். வந்து காலைப் பார்ப்பார் என்று நினைக்கக் கூடாது. பலகையைப் பார்ப்பார்.

காலுக்குரிய வைத்தியம் நொடியில் முடிந்துவிடும். குத்துப்பட்டவனை மணலில் இருத்தி, குதியைப் பிடித்து, ஒரு மரச் சட்டத் துண்டால் உள்ளங்காலில் நாலு அடி. "கெட்ட ரத்தம் போகட்டும்." வந்த ரத்தத்தை எஞ்சின் துடைக்கிற பழந்துணியால் ஒற்றி, சூடாக்கின தேங்காயெண்ணெயை ஓட்டையில் விட்டு, அதே துணியால் இறுக்கிக் கட்டு. "சரி, எழும்பு."

அதற்குப் பிறகுதான் உண்மையான வைத்தியம் தொடங்கும். குத்தின ஆணியைப் பலகையிலிருந்து நோகாமல் கழற்றுவார். நோகாமல் என்று சும்மா சொல்லவில்லை. பால்பல் பிடுங்குகிற தாய்க்குக்கூட அவ்வளவு பக்குவம் வராது. தோளில் கிடக்கும், தோய்த்து வெளுத்த துவாயால் அதைத் துடைப்பார். கால் துடைக்க எஞ்சின் துணி, ஆணி துடைக்கத் தோய்த்த துவாய். வளைந்திருந்தால் இரும்பின்மேல் வைத்து மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்துவார். பிறகு தன் அலுமாரியில் இருக்கும் ஒரு ஜாம் போத்தலில், நல்ல தேங்காயெண்ணெய்க்குள், அதை இறக்கி வைப்பார்.

"ஆணியிலை கறள் ஏறினா காலிலை சீழ் ஏறும். ஆணி மினுங்கினா கால் ஆறும். என்ரை அப்பர் படகு கட்டின காலத்திலை இருந்து இதுதான் முறை."

கறள் என்றால் துரு. அந்தச் சொல்லை அவர் காறித் துப்புவதுபோல்தான் சொல்வார்.

தினமும் காலையில் வந்ததும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குத்துப்பட்டவன் நொண்டிக்கொண்டு வருவான். அவனிடம் ஒன்றும் கேட்கமாட்டார். அவனுக்குத் தகவல் சொல்வார்.

"உன்ரை ஆணி நல்லாயிருக்கு."

"அப்பிடியே, பாஸ்?" என்று அவனும் ஆறுதலாகப் பலகை தூக்கப் போய்விடுவான். இதை நான் கண்ணால் கண்டேன். வளர்ந்த ஆம்பிளைகள், பிள்ளை குட்டிக்காரர், தங்கள் காலின் சுகத்தைப் போத்தலிடம் விசாரித்துக்கொண்டு போனார்கள். அந்தப் போத்தலுக்குள் கிடந்த ஒவ்வொரு ஆணியும் யாருடையது என்று பாஸுக்குத் தெரியும். தலையின் வடிவைப் பார்த்தே சொல்வார். அந்த ஆள்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் தெரியாது.

ஒருநாள் நான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். துரு அல்ல ஆபத்து, அழுக்குத்தான் ஆபத்து. காற்றுப் போகாத ஆழமான ஓட்டைக்குள்தான் கிருமி பெருகும். மேலே எண்ணெய் விட்டு அடைத்தால் அதற்கு நல்ல வசதி என்றேன்.

"மாஸ்டர், நீர் இதுவரைக்கும் எத்தினை ஆணி மிதிச்சிருக்கிறீர்?"

"ஒண்டும் இல்லை, பாஸ்."

"அப்ப ஆணியைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

பலகை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

இப்போது சப்பாத்து. காப்புறுதிக்காரர் கேட்டார்கள் என்று முதலாளி ஒருமுறை எல்லோருக்கும் பாதுகாப்புச் சப்பாத்து எடுக்கச் சொன்னார். விரலுக்குமேல் இரும்பு, அடிக்குள் தகடு, ஆணி ஏறாது. ஆள்களின் அளவெடுத்து வாங்கும் பொறுப்பு பாஸிடம் வந்தது. அவர் தன் காலை அளந்தார். அத்தோடு அளவெடுப்பு முடிந்தது. வந்த சோடிகள் எல்லாம் அவருடைய அளவு. பெட்டி பெட்டியாக என் சாமான் அறை அலுமாரியில்தான் இருந்தன, ஆனால் திறப்பு, அதுதான் சாவி, அவருடைய இடுப்பில் இருந்தது.

மேற்பார்வைக்கு யாராவது வருகிற நாளில் மட்டும் அலுமாரி திறபடும். சின்னக் கால்காரர் நுனியில் துணி அடைப்பார்கள். பெரிய கால்காரர் குதியை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். கூத்தில் வருகிற ராசாவின் படை மாதிரி ஒரு வரிசை. வந்தவர்கள் படம் எடுப்பார்கள், பாஸின் கையைக் குலுக்குவார்கள். அவர்களுடைய வாகனம் ஏற்றத்தில் ஏறி மறைவதற்குள் இங்கே சத்தம் தொடங்கிவிடும்: "கழட்டு, கழட்டு! மண் படுது!" நான் ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பேன். ஆணி ஏறாத சப்பாத்துக்கு மண் படக்கூடாது. ஆணி ஏறுகிற காலுக்கு என்ன பட்டால் என்ன?

ஒரு சோடி மட்டும் பெட்டிக்குத் திரும்பவில்லை. அதைப் பாஸ் கறுப்பு மை பூசி மினுக்கிக் கலியாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போனார். ஒரு கலியாண மண்டபத்துச் சாப்பாட்டு நெரிசலில் யாரோ தெரியாமல் அவர் காலை மிதித்துவிட்டு "சொறி ஐயா" என்றார். "மிதி, மிதி, நல்லா மிதி! உள்ளுக்கு இரும்பெல்லோ!" என்று சபைக்கே கேட்கச் சொன்னார் பாஸ். நான் பக்கத்தில் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். என்னைக் கண்டும் அவருக்கு ஒரு கூச்சம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பெயின்ற்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும், அண்ணன் என்ற பொருளில், நானா என்போம். ஒருநாள் அவருக்கும் ஆணி ஏறியது. பாஸ் சட்டத் துண்டோடு வருவதற்குள் அவர் ஒற்றைக் காலில் துள்ளி வண்டியில் ஏறிவிட்டார்.

"எங்கை போறாய்?"

"ஆஸ்பத்திரிக்கி. ஏற்பு ஊசி போட்டுட்டு வாறன்."

"ஆணியை என்னட்டைத் தந்திட்டுப் போ!"

"ஆணி உங்களுக்கு, பாஸ். கால் எனக்கி."

ஏற்பு என்பது ஆணிக் காயத்துக் கிருமியால் வந்து ஆளையே கொல்லும் வலிப்பு. அடுத்த நாள் முதல் அவருக்கு ஊசி நானா என்று பெயர். "என்ன ஊசி நானா, இண்டைக்கும் ஆரும் ஊசியோடை வரேல்லையோ?" என்று பாஸ் காலைக்குக் காலை கேட்பார். நானா சிரித்துக்கொண்டு பெயின்ற் அடிப்பார். அவருக்கு இன்றைக்கும் கால்விரல் பத்து. ஆனால் பாஸ் வைத்த அந்தப் பட்டம் தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு குத்துப்பட்டவன் ஒவ்வொருவனும் ஆஸ்பத்திரியை நினைப்பதற்கு முன் அந்தப் பட்டத்தை நினைத்தான்.

பாஸும் ஒருநாள் மிதித்தார். முதிரைப் பலகைக்குள் ஆணி நன்றாகவே ஏறியது. முகத்தைச் சுளிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தானே இழுத்தெடுத்து, துடைத்து, போத்தலில் இறக்கிவிட்டு, "பாத்தியளோ?" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அன்று பின்னேரம் அம்மாவின் இருமலுக்கு மருந்து எடுக்க நான் டவுனில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரிக்குப் போனேன். வாங்குப் பலகையில் கடைசி ஆளாகப் பாஸ் காத்திருந்தார்.

"ஏற்பு ஊசிக்கு ஆர்?" என்று உள்ளேயிருந்து மருந்து கொடுக்கிற பிள்ளை கேட்டாள்.

பாஸ் எழும்பினார். எழும்பும்போதுதான் என்னைக் கண்டார்.

"பிறஷருக்கு ஒரு ஊசி, மாஸ்டர்," என்றார்.

பிறஷருக்கு அப்படி ஒரு ஊசி இருப்பதாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சில நாள் கழித்து, படகு நிழலில், அவர் காலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு வீக்கம் இருக்கோ? எல்லாம் எண்ணெய்." சொல்லிவிட்டுப் போத்தலைத் தூக்கித் தன் ஆணியை உருக்கமாகப் பார்த்தார். எனக்கு விளங்காத இடம் இதுதான். வெறும் பொய்யன் என்றால் யாரும் பார்க்காதபோது போத்தலைத் தொடமாட்டான். இவர் ஆளில்லாத நேரத்திலும் எண்ணெய் மாற்றினார். நான் சாமான் அறை ஜன்னலால் கண்டிருக்கிறேன். ஊசியைப் போட்டுக்கொண்டு, ஆறினதற்குரிய பேரை ஆணிக்குக் கொடுத்தார், மனதார. பிறருடைய நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். தன் காலுக்கு ஊசி, அடுத்தவன் காலுக்கு நம்பிக்கை என்று பங்கு பிரிக்கிறவரை எப்படி மதிப்பது என்று சொல்லித்தரவில்லை.

அன்றிரவே அத்தானிடம் இதைச் சொன்னேன்.

"பாஸுக்கும் பயம் இருக்குமடா, மனிசன்தானே. விடு," என்றார்.

அத்தான் சம்பூர்க்காரர். சின்ன வயதில் ஊரைவிட்டு ஓடி, முகாமில் வளர்ந்து, திரும்பவும் ஊருக்குப் போய்ப் பாதிக் காணியில் வீடு கட்டினவர். நோவு, பசி, வெயில் என்று எதைப் பற்றியும் முறைப்பாடு சொல்லத் தெரியாத ஆள். பாஸுக்கு வாய்த்த கால்களிலேயே அவருக்கு மிகப் பிடித்த கால் அத்தானுடையதுதான். "மாஸ்டர், உம்மடை அத்தானைப் பாரும். அதுதான் கால்."

மாரி மழை தொடங்கமுன், ஒரு லோஞ்சின் பக்கப் பலகையை இறக்கும்போது அத்தான் பின்னுக்கு ஒரு அடி வைத்தார். ஆணி இறப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் போயிற்று. காலைத் தூக்கினார், செருப்பும் பலகையும் கூடவே வந்தன. கத்தவில்லை. மணலில் குந்தி, "மாஸ்டர், இஞ்சை ஒருக்கா வா," என்றார், சாமான் ஏதோ வேணும் என்பதுபோல.

நான் போய்ச் சேர்வதற்கு முன்னமே குரல் கேட்டது: "நான் மிதிக்காத ஆணியோ?"

"அத்தான், எழும்புங்கோ. ஓட்டோ பிடிக்கிறன், ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றேன்.

"பொறடா. பாஸ் பாக்கட்டும்."

"அவர் ஆணியைத்தான் பாப்பார்."

பாஸ் சட்டத் துண்டைத் தேடிக்கொண்டே திரும்பினார். "என்ன மாஸ்டர், நானாவுக்குப் பிறகு இப்ப ஊசி அத்தானோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் ஓட்டோவை மறந்தார். காலை நீட்டினார்.

நாலு அடி, சூடான எண்ணெய், எஞ்சின் துணி. பிறகு பாஸ் அத்தானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளிலிருந்து துவாயை எடுத்து, ஆணிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

இரண்டு நாள் போக, நோகவில்லை என்றார் அத்தான். யார்ட் முழுக்கப் பாஸ் அதைச் சொல்லித் திரிந்தார். கால் வீங்கி, செருப்பு வார் அழுத்தின இடத்தில் தோல் கறுத்தது. அப்போதும் நோகவில்லை. ஆணி பளபளவென்று இருப்பதாகக் காலையில் தகவல் வந்தது. அத்தான் நம்பிப் பலகை தூக்கினார். கடைசியில் அக்காதான் கட்டை அவிழ்த்தாள். அந்த மணத்துக்கு அவள் குசினிவரை ஓடினாள். திரும்பி வந்தவள் அத்தானிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம் "ஓட்டோவைக் கூப்பிடு," என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தானின் போன் அடித்தது. பாஸ்தான். அத்தான் போனைச் சத்தமாக வைத்தார்.

"கேக்கிறாய்தானே? உள்ளுக்குக் கேட்டினமெண்டா வீட்டு வளவிலை மிதிச்சதெண்டு சொல்லு. யார்ட் எண்டு சொன்னா பொலிஸ், விசாரணை, எல்லாருக்கும் கரைச்சல். சுகமாகி வந்தா உன்ரை வேலை இருக்கு. அதுக்கு நான்."

"சொல்லாதையுங்கோ அத்தான். நடந்ததைச் சொல்லுங்கோ," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் எங்கே மிதித்தது என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்க்காமல், "வீட்டு வளவிலை," என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்க, "நாளைக்கும் சோறு வேணுமடா," என்றார்.

அத்தானுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நோகாமல் இருந்தது எண்ணெயால் அல்ல. சீனி அந்தக் காலின் உணர்வைக் கொன்றிருந்தது. வெட்டித் திறந்து கழுவின டொக்டர், உள்ளேயிருந்து எடுத்ததை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். நீல நிறத்தில், பயற்றங்கொட்டை அளவில் ஒரு துண்டு. "இது என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். அக்கா உடனே சொன்னாள்: "அவரின்ரை செருப்பு." ஆணி தன்னோடு செருப்பின் இறப்பரையும் எலும்புவரை கொண்டுபோயிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் அதை எடுத்துக் கழுவி, ஊசி போட்டு அனுப்பியிருப்போம் என்றார் டொக்டர். பாஸின் எண்ணெயும் துணியும் காயத்தின் வாசலைச் சாத்திவிட்டன. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு அதற்குப் பக்கத்து விரலையும்.

பாஸ் பார்க்க வந்தார். ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்தார். கட்டிலின் கால்மாட்டில், அந்த வெள்ளைக் கட்டுக்கு முன்னாலேயே நின்றார்; ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

"ஒண்டுக்கும் யோசியாதை. உன்ரை ஆணி கண்ணாடி மாதிரி இருக்கு. நேற்றும் எண்ணெய் மாத்தினனான்."

அக்கா கதிரையிலிருந்து எழும்பினாள். "ஆணிக்கு இந்த வாட்டிலை ஒரு கட்டில் கேக்கட்டோ, பாஸ்? இல்லாட்டி இவரோடையே படுக்கட்டும். ரெண்டு விரல் போன இடம் சும்மாதானே கிடக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பை அடக்க ஏலாமல் இருமினார். பாஸுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஏதாவது உறைக்க வேண்டும். "பொம்பிளையள் பயத்திலை அப்பிடித்தான் கதைப்பினம்," என்று அத்தானுக்குச் சமாதானம் சொன்னார். தான் கொண்டுவந்த தோடம்பழத்தில் ஒன்றை உரித்து, நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுப் போனார்.

அத்தான் ஊன்றுகோலோடு யார்டுக்குப் போனபோது, ஒன்றரைக் காலால் பலகை தூக்க ஏலாது என்று சொன்னவர் அதே பாஸ். முதலாளியிடம் போனோம். "வீட்டு வளவிலை மிதிச்சதுக்கு நான் என்ன தம்பி செய்யிறது?" என்று அவர் இரக்கத்தோடு கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன்.

அப்படித்தான் அன்று அந்த அறையில் இருந்தோம். யார்டிலிருந்து ஏறிவந்தால் உவர்மலையில், கூப்பிடு தூரத்தில் அந்த அலுவலகம். முதலாளி ஆஸ்பத்திரித் துண்டின் பிரதியை மேசையில் வைத்தார். வீட்டு வளவு என்று அதில் தெளிவாக இருந்தது. சாட்சிகள் எங்கே என்று மிஸ் கேட்டார். இல்லை என்றேன்; மைத்துனன் நான் சொல்வது சாட்சியாக எடுபடாது.

"இது நீங்களே சொன்னதோ, ஐயா?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். "ஓம் மிஸ். நான்தான் சொன்னனான்."

"வேறை ஏதாவது சொல்ல இருக்கோ?"

அத்தான் இல்லை என்று தலையாட்டினார். முதலாளி பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் குத்தினார். அத்தானின் மிச்சக் காலம் முழுக்கவும் அந்த மூடியோடு சேர்த்து மூடப்பட்டுவிட்டதாக எனக்குத் தோன்றியது. என் கண் பாஸின் மினுக்கிய சப்பாத்தில் நின்றது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த மனிதரை நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவருக்கு எது உறைக்காது என்று எனக்குத் தெரியும். எது உறைக்கும் என்றும் தெரியும்.

"மிஸ், ஒண்டு சொல்ல மறந்திட்டன்," என்றேன். "அந்த ஆணியை ஆரும் கவனிக்கேல்லை. பிடுங்கி எறிஞ்சு போட்டினம். நல்லாக் கறள் பிடிச்ச ஆணி. அதாலைதான் கால் அழுகினது."

"ஆர் எறிஞ்சது?" பாஸ் கதிரையில் நிமிர்ந்தார்.

"பாஸ், பேசாமல் இரு," என்றார் முதலாளி.

"இல்லை முதலாளி, இவன் என்ன கதை கதைக்கிறான்? கறளோ? நான் வைச்சிருக்கிற ஆணி கறளோ?"

மிஸ் பேனையை வைத்தார். "எந்த ஆணி?"

"அப்பிடி ஒரு ஆணியும் இல்லை மிஸ்," என்றார் முதலாளி அவசரமாக.

"இருக்கு மிஸ்! பொறுங்கோ, இப்ப வாறன்!"

இரும்பு வைத்த சப்பாத்து படிகளில் தடதடவென்று இறங்கியது. முதலாளி போனை எடுத்து அவருக்கு அடித்தார். போன் பாஸின் கதிரையிலேயே கிடந்து பாடியது. மிஸ் எங்களுக்குத் தேத்தண்ணி சொன்னார். முதலாளி அதைத் தொடவில்லை. அத்தான் மட்டும் ஆற ஆறக் குடித்தார்.

பாஸ் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். துவாயை மேசையில் விரித்தார், ஜாம் போத்தலைத் திறந்தார், இரண்டு விரலை விட்டு, தேடாமலே, ஒரு ஆணியை எடுத்தார்.

"இதுதான் மிஸ், இவன்ரை. லோஞ்சின்ரை பக்கப் பலகையிலை நிண்டது. நான்தான் என்ரை கையாலை கழட்டினனான். எங்கை கறள்? இந்தப் படிச்சவன் காட்டட்டும்!"

ஆணி உண்மையாகவே மினுங்கியது. எண்ணெய் மேசையில் சொட்டியது.

"உங்கடை யார்டிலை நிண்ட லோஞ்சோ?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"பின்னை? வீட்டு வளவிலை ஆர் மிஸ் லோஞ்ச் வைச்சிருக்கிறது?"

முதலாளி நெற்றியில் கையை வைத்தார். மிஸ் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "மற்ற ஆணியள் ஆரின்ரை?" என்று கேட்டார்.

பாஸின் முகம் மலர்ந்தது. அத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதை அக்கறையாகக் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துவாயில் வரிசையாக வைத்து அறிமுகப்படுத்தினார்: யார், எந்தப் படகு, எந்தப் பலகை, எந்தக் கால். "இது ஊசி நானான்ரை. வேண்டாமெண்டு போட்டிட்டுப் போனவன், நான்தான் பராமரிச்சனான். இது என்ரை." மிஸ் ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் எழுதினார்.

அத்தான் கை நீட்டித் தன் ஆணியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் வைச்சிருக்கிறார்," என்றார். பகிடியா, மெய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி பாஸை வேலையால் நிற்பாட்டவில்லை. சப்பாத்துகள் ஆளாளுக்கு அளவெடுத்து வந்தன. அலுமாரித் திறப்பு பாஸின் இடுப்பிலிருந்து இறங்கியது. அன்று தோற்றது தான் என்பது பாஸுக்கு இன்னும் விளங்கவில்லை என்று ஊசி நானா சொல்கிறார். படகு நிழலில் புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறாராம்: "தொழில் கந்தோரிலை வைச்சுப் பாத்தவை. ஒரு பொட்டுக் கறள் இல்லை. மிஸ்ஸே வாயைப் பிளந்தவ." நானாவை இப்போதும் அந்தப் பட்டத்தால்தான் கூப்பிடுகிறார். போத்தலில் இப்போது ஒரு ஆணி குறைவு. அத்தானுடையது அலுவலகக் கோப்போடு போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்டு இரண்டுமுறை மலையேறிப் போனாராம், அங்கே எண்ணெய் விட ஆளில்லை என்று.

முதலாளி மூன்று தவணையில் கட்டி முடித்தார். எல்லாமாக மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய், தேங்காயெண்ணெய் நீங்கலாக.